வேலியே பயிரை மேய்ந்தால்...

வேலியே பயிரை மேய்வது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. காக்க வேண்டியதே அழிக்கத் தொடங்கிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? மருத்துவ உலகில் இப்பழமொழிக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஒரு நோய்க்கூட்டம் இருக்கிறது. 'ஆட்டோ இம்யூன்' நோய்கள் என மருத்துவர்கள் அவற்றைக் குறிப்பிடுவர். தமிழில் 'தன்னெதிர்ப்பு நோய்கள்' எனலாம்.

நம் உடலுக்குள் இரவு பகல் பாராமல் காவல் புரியும் ஒரு படை உண்டு. இரத்தத்தில் உலவும் வெள்ளணுக்களே அப்படையின் வீரர்கள். கிருமி நுழைந்தால் வளைத்துப் பிடிப்பதும், அந்நியப் பொருளை இனம் கண்டு அழிப்பதும் அவற்றின் பணி. தன்னவர் யார், அயலார் யார் என்று பிரித்தறியும் ஆற்றலே இப்படையின் உயிர்நாடி. அந்த ஆற்றல் பிசகும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. காவற்படை தன் சொந்த வீட்டையே முற்றுகையிடுகிறது.

தாக்குதல் எங்கே நிகழ்கிறதோ அதற்கேற்ப நோயின் பெயர் மாறுகிறது. மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் முதல் வகை நீரிழிவு. நரம்புகளின் மேலுறையைத் தாக்கினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல இடங்களிலும் கைவைத்தால் லூபஸ். இவ்வாறு எண்பதுக்கும் மேற்பட்ட நோய்களை மருத்துவ நூல்கள் பட்டியலிடுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் வாட்டுகின்றன. லூபஸ் நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் பெண்கள்.

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல், அடுப்பிலிருந்து தேநீர்ப் பாத்திரத்தை இறக்கத் தவிக்கும் தாயை, 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். அந்த வலிக்குப் பின்னால் ஓர் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நோய்களுக்கு மருந்துகள் இல்லாமல் இல்லை. பல மருந்துகள் நோயாளியின் வாழ்வையே மீட்டுத் தந்திருக்கின்றன. ஆனால், அவற்றுட் பல காவற்படை முழுவதையும் மட்டுப்படுத்துபவை. வழிதவறிய சில வீரர்களைத் திருத்த, படை முழுவதன் ஆயுதங்களையும் பறித்துவிடுவது போன்றது இது. அதனால் கிருமித் தொற்றுக்கு வாசல் திறந்துவிடுகிறது. தவறு செய்தவனை மட்டும் பிடிக்க வேண்டுமானால், தவறு எப்போது, எங்கே, எவரால் தொடங்கியது என்று தெரிய வேண்டும். அதைக் கண்ணால் காண்பது எப்படி? அறிவியலாரை நெடுங்காலமாக வாட்டிவந்த வினா இதுதான். அண்மைக் காலத்தில் அதற்கு ஒரு புதிய விடை கிடைத்திருக்கிறது. நோயாளியின் உடலிலிருந்து கடுகளவு திசுவை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அந்தச் சிறு துணுக்கில் நோயை நிகழச் செய்து, அருகிலிருந்து பார்ப்பதே அந்த விடை.

எலி சொன்னதும் சொல்லாததும்

இதுவரை இவ்வாராய்ச்சிகளின் பெரும் பாரத்தைச் சுமந்தது சோதனைக்கூட எலிதான். அதன் உதவியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 2025ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. காவற்படையைக் கட்டுக்குள் வைக்கும் தனிவகை டி செல்களைச் சகாகுச்சி 1995இல் எலிகளிடம் கண்டறிந்தார். தோல் உரிந்து இளமையிலேயே மடியும் ஓர் எலி இனத்தை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணுவை மற்ற இருவரும் 2001இல் அடையாளம் கண்டனர். அதே மரபணு பழுதுபட்ட குழந்தைகள் கொடிய தன்னெதிர்ப்பு நோய்க்கு ஆளாவதும் தெரியவந்தது. எலி இல்லாமல் இந்த அறிவு கிட்டியிராது.

ஆயினும், எலி எலிதான், மனிதன் மனிதன்தான். சோதனைக்கூட எலிகள் தூய்மையான கூண்டில், ஒரே உணவை உண்டு, ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும்படி வளர்க்கப்படுபவை. மனிதரோ முகத்திற்கு முகம் வேறுபடுவதைப் போலவே மரபணுவிலும், உணவிலும், வாழ்ந்த சூழலிலும் வேறுபடுகின்றனர். முதல் வகை நீரிழிவு தானாகவே வரும் ஓர் எலி இனம் ஜப்பானில் உருவாக்கப்பட்டு 1980இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அவ்வெலிகளில் நோயைத் தடுத்த மருத்துவ முறைகள் நூற்றுக்கும் அதிகம். அவற்றுள் மனிதரிடம் பலன் தந்தவையோ விரல் விட்டு எண்ணத்தக்கவை.

சில நேரங்களில் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடிவிடுகிறது. 2006 மார்ச் 13 அன்று லண்டனில் நடந்ததை மருத்துவ உலகம் இன்னும் மறக்கவில்லை. முடக்குவாதம் போன்ற நோய்களையும் ஒருவகை இரத்தப் புற்றுநோயையும் கருத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு புதிய மருந்து, முதன்முறையாக மனித உடலில் செலுத்தப்பட்டது. நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இயங்கிய தனியார் ஆய்வுப் பிரிவில், நல்ல உடல்நலம் கொண்ட ஆறு இளைஞர்களுக்கு அது ஏற்றப்பட்டது. குரங்குகளுக்குக் கேடின்றிக் கொடுக்கப்பட்ட அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே அவர்களுக்குத் தரப்பட்டது. எனினும் இரண்டு மணி நேரம் செல்வதற்குள் ஒருவர் பின் ஒருவராகத் தலைவலி, நடுக்கம், வாந்தி என்று துடிக்கத் தொடங்கினர். காவற்படை மொத்தமும் ஒரே நேரத்தில் வெறிகொண்டு எழ, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. தீவிர சிகிச்சையால் அறுவரும் உயிர் தப்பினர். ஆனால், ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

குரங்கு ஏன் எச்சரிக்கவில்லை? அந்த மருந்து பற்றிக்கொள்ளும் ஒரு புரதம், மனிதரின் குறிப்பிட்ட வகை டி செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது. அக்குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை. இதைப் பின்னாளைய ஆய்வுகள் தெளிவாக்கின. இன்னொரு செய்தி இதைவிடச் சிந்திக்கத்தக்கது. மனித இரத்தத்தின் வெள்ளணுக்களைச் சோதனைக் குழாயில் மிதக்கவிட்டு மருந்தைச் சேர்த்துப் பார்த்தபோதும் அபாயத்தின் அறிகுறி தென்படவில்லை. இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை அடியில் வளர்த்து, அவற்றின் மேல் வெள்ளணுக்களை இட்டு மருந்தைச் சேர்த்தபோதுதான் அச்செல்கள் சீறியெழுந்தன. அதாவது, மனிதச் செல்லாக இருந்தால் மட்டும் போதாது. அது தன் அக்கம்பக்கத்தாரோடு இருக்க வேண்டும். வீட்டில் பேசுவதுபோல் ஒருவர் விசாரணை மன்றத்தில் தனியே நின்று பேசுவாரா? செல்லும் அப்படியே. இந்தப் பாடந்தான் திசு மாதிரிகளின் அருமையை உணர்த்தியது.

குறு உறுப்புகள் பிறந்த கதை

செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட கலை. ஆனால், அங்கே அவை பாய் விரித்தாற்போல் ஒரே படலமாகப் பரவிக் கிடக்கும். உறுப்பின் வடிவமோ பணியோ அங்கு இராது. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர்கள் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் க்ளெவர்ஸும், அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜப்பானிய அறிஞர் தோஷிரோ சாதோவும் ஆவர்.

நம் சிறுகுடலின் உட்பூச்சு ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பழைய செல்கள் உதிர, அடியில் உள்ள குழிகளிலிருந்து புதியவை மேலேறி வருகின்றன. அக்குழிகளின் அடிவாரத்தில் இருக்கும் மூலச்செல்களே இதற்கு ஊற்றுக்கண். எலியின் குடலிலிருந்து அத்தகைய ஒரு மூலச்செல்லை எடுத்து, கூழ்போன்ற ஒரு பொருளில் பதித்து, தக்க ஊட்டங்களை அளித்தார் சாதோ. ஒற்றைச் செல் பல்கிப் பெருகி, குழியும் மேடுமாகக் குடலின் அமைப்பையே ஒத்த ஒரு சிற்றுருவாக வளர்ந்து நின்றது. இது 2009இல் வெளியாயிற்று. 2011இல் மனிதக் குடல் திசுவிலும் இதைச் சாதித்துக் காட்டினர். இத்தகைய குறு உறுப்புகளை 'ஆர்கனாய்டு' என்று அழைக்கின்றனர். இவை கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. பெரியவைகூட ஒரு மிளகளவைத் தாண்டுவது குறைவு.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் ஓர் அரிய செயலைச் செய்து காட்டினார். முதிர்ந்த தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் தொடக்கக் காலத்துச் செல்லைப் போன்ற இளமை நிலைக்குத் திருப்பினார். அங்கிருந்து அதை இதயமாகவோ, நரம்பாகவோ, கணையமாகவோ வளரச் செய்யலாம். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கருவைச் சிதைத்து மூலச்செல் எடுப்பது தகுமா என்ற கேள்வி பல சமயத்தாரையும் கவலைக்குள்ளாக்கியிருந்த காலம் அது. ஒரு துளி இரத்தமோ ஒரு துண்டுத் தோலோ போதும் என்ற நிலை வந்தபோது, அந்தக் கவலை பெருமளவு தணிந்தது.

கோதுமைக் குற்றவாளி

இனி, திசு மாதிரி ஒரு நோயின் மர்மத்தை எவ்வாறு துலக்கியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அது சீலியாக் நோய். தன்னெதிர்ப்பு நோய்களுள் இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மற்றவற்றைத் தூண்டிவிடுவது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், இதைத் தூண்டுவது எது என்று மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். கோதுமை, பார்லி முதலிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதமே அது. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த இழுவைக்குக் காரணமான பொருள்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. தீராத வயிற்றுப்போக்கால் மெலிந்து கிடக்கும் சில குழந்தைகளுக்கு ரொட்டியே எதிரி என்று அவர் முன்னரே ஐயுற்றிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டைக் கடும் பஞ்சம் சூழ்ந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. நாடே பட்டினியால் நலிந்தபோது இக்குழந்தைகள் நலம்பெற்றனர்! ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் மீண்டது. ஐயம் உறுதியாயிற்று. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் தம் ஆய்வேட்டை அளித்தார். குடல் ஆர்கனாய்டு பின்னாளில் பிறந்ததும் அதே ஊரில்தான்.

இந்நோய் உள்ளவர்கள் கோதுமையை உண்டால், அதன் புரதத் துணுக்குகள் குடற்சுவருக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரு நொதியால் சிறிது மாற்றமடைகின்றன. மாறிய துணுக்குகளைச் சில குறிப்பிட்ட மரபணுக்களை உடையவரின் செல்கள் கையிலேந்தி, 'இதோ எதிரி' என்று டி செல்களுக்குக் காட்டுகின்றன. படை திரள்கிறது. ஆனால், அடிபடுவது கோதுமை அன்று. உணவுச் சத்தை உறிஞ்ச விரல்களைப்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள். அவை தேய்ந்து தரைமட்டமாகின்றன. எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை தொடர்கின்றன.

நம் நாட்டிலும் இது உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தென்னிந்தியாவில் 0.10 பேருக்கும் இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்களோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூவருள் ஒருவருக்கு என்னும் விகிதத்தை ஒட்டியே காணப்பட்டன. மிக வேறுபட்டது உணவு. வடக்கே கோதுமை, இங்கே அரிசி. மரபணு மட்டும் நோயைத் தருவதில்லை. கோதுமை மட்டும் நோயைத் தருவதில்லை. இரண்டும் சேர்ந்தாலும்கூட எல்லோருக்கும் வருவதில்லை. வேறு ஏதோ ஒன்று நடுவில் நிற்கிறது. அது எது?

இங்கேதான் திசு மாதிரி கைகொடுக்க வந்தது. ஆனால், உட்ரெக்டில் வளர்த்த குடல் உருண்டை இதற்கு முழுதும் போதவில்லை. அதில் குடலின் உட்பூச்சு மட்டுமே இருந்தது, காவற்படை இல்லை. போர்வீரர் இல்லாத களத்தில் போரைப் பார்ப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கால்வின் குவோவின் குழுவினர் வேறொரு முறையைக் கையாண்டனர். எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்த குடல் துணுக்குகளைச் செல் செல்லாகப் பிரிக்காமல், பொடியாக நறுக்கி, கொல்லாஜன் கூழில் பதித்தனர். கீழிருந்து ஊட்டநீரும் மேலிருந்து காற்றும் படும்படி வைத்தனர். குடலின் உட்பூச்சு, அதைத் தாங்கும் இணைப்புத்திசு, அங்கே குடியிருந்த வெள்ளணுக்கள் ஆகிய மூன்றும் பிரியாமல் ஒருசேர வாழ்ந்தன. வீட்டோடு குடும்பத்தையும் பெயர்த்து வைத்தாற்போல.

2024இல் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்களின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. சீலியாக் நோயாளிகளின் திசுவில் குளூட்டன் துணுக்குகளை இட்டபோது, டி செல்கள் விழித்தெழுந்து குடற்செல்களைக் கொன்றன. நோயற்றவர்களின் திசுவில் அவ்வாறு நிகழவில்லை. மனித உடலுக்கு வெளியே, கண்ணெதிரே, நோய் முதலிலிருந்து நிகழ்ந்தது. மேலும் துருவியபோது, செல்கள் ஒன்றுக்கொன்று விடுக்கும் ஒரு வேதிச் செய்தி அம்பலமாயிற்று. 'இன்டர்லூக்கின்-7' என்பது அதன் பெயர். இது டி செல்களை ஊட்டி வளர்ப்பது என்று முன்பே தெரியும். சீலியாக் நோயில் இதற்கு இத்தனை பங்கு உண்டு என்பது புதிய செய்தி. அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தபோது, குளூட்டன் இருந்தும் குடற்செல்களின் அழிவு தடுக்கப்பட்டது.

இதன் பொருளை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நோயாளியை அழைத்து, 'உங்களுக்குக் கேடு செய்யும் உணவைத் தருகிறோம்; உங்கள் குடல் எப்படி அழிகிறது என்று பார்க்கிறோம்; பிறகு, இதுவரை மனிதருக்கே கொடுத்திராத ஒரு பொருளைச் செலுத்துகிறோம்' என்று சொல்ல முடியுமா? அறம் அதற்கு இடந்தராது. அவருடைய கடுகளவு திசு, அவருக்குப் பதிலாக அத்துன்பத்தை ஏற்றுக்கொண்டு சாட்சி சொல்லியிருக்கிறது. இதனால் நாளையே மருந்து வந்துவிடும் என்று பொருளன்று. ஆனால், எங்கே தேட வேண்டும் என்ற திசை தெரிந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வழி என்றிருக்கும் நோயாளிகளுக்கு இது சிறிய ஆறுதல் அன்று.

தொண்டையிலும் கணையத்திலும்

அதே ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸ் என்பவரின் ஆய்வுக்கூடம் டான்சில் திசுவைக் கையிலெடுத்தது. அறுவை சிகிச்சையில் நீக்கி எறியப்படும் சதைதானே அது? எதிர்ப்பொருள்களை உருவாக்கப் பயிற்சி அளிக்கும் பாடசாலைகளுள் டான்சிலும் ஒன்று. அதன் செல்களைப் பிரித்து, நெருக்கமாகச் சேர்த்து வைத்தால், சில நாட்களில் அவை தாமாகவே மீண்டும் கூடிப் பழைய அமைப்பை எழுப்புகின்றன. இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை இட்டால் அதற்குரிய எதிர்ப்பொருளையும் உற்பத்தி செய்கின்றன. 2021இல் இது வெளியானது. நல்ல எதிர்ப்பொருள் பிறக்கும் இடத்தைக் காண முடிந்தால், லூபஸ் நோயில் தன் உடலையே தாக்கும் தீய எதிர்ப்பொருள் எப்படிப் பிறக்கிறது என்பதையும் அதே வழியில் தேடலாம் அல்லவா?

முதல் வகை நீரிழிவின் சிக்கல் வேறு. கணையம் வயிற்றின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் உறுப்பு. அதிலிருந்து திசு எடுப்பது ஆபத்தானது. மேலும், குழந்தைக்குத் தாகமும் சோர்வும் தென்பட்டு மருத்துவரிடம் கொண்டுபோகும்போது, இன்சுலின் செல்களில் பெரும்பகுதி மாண்டுபோயிருக்கும். கொள்ளை முடிந்த வீட்டுக்கு வந்து சேரும் காவலரின் நிலைதான் மருத்துவருக்கு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மெல்டன் இத்துன்பத்தை வீட்டிலேயே கண்டவர். அவருடைய மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே இந்நோய்க்கு ஆளானான். பின்னர் மகளுக்கும் அதே நோய் வந்தது. தம் ஆராய்ச்சியின் திசையையே அவர் மாற்றிக்கொண்டார். பல்லாண்டு உழைப்புக்குப் பின் 2014இல், மூலச்செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பெருமளவில் வளர்க்கும் முறையை அவர் குழு வெளியிட்டது. நோயாளியின் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ அவருடைய இன்சுலின் செல்களையே உருவாக்கி, அவருடைய வெள்ளணுக்களோடு ஒரே கிண்ணத்தில் வைத்து, முதல் அடி எப்போது விழுகிறது என்று பார்க்கும் வாய்ப்பு இப்போது திறந்திருக்கிறது.

முதல் அடியை அறிவதில் என்ன பயன் என்று கேட்கலாம். 2022 நவம்பரில் அமெரிக்க மருந்துத் துறை டெப்லிசுமாப் என்னும் மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. நோய் முற்றாக வெளிப்படுவதற்கு முன்பே கொடுத்தால், அது வெளிப்படுவதை இரண்டாண்டு அளவிற்குத் தள்ளிப்போடுகிறது. ஊசியும் கையுமாக அலையாமல் ஒரு குழந்தைக்கு இரண்டாண்டுப் பள்ளிப்பருவம் கிடைப்பது பெற்றோருக்குப் பெரும் பேறு. போரை முன்கூட்டியே அறிந்தால் இன்னும் அதிகமாகச் சாதிக்கலாம்.

சட்டமும் மாறுகிறது

மருந்துகளை மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்குகளிடம் சோதிக்க வேண்டும் என்னும் நடைமுறை அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றியது. 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட திருத்தம், விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனிதச் செல் மாதிரிகளின் சான்றையும் ஏற்க வழிசெய்தது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு மருந்துத் துறை, எதிர்ப்பொருள் வகை மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. லண்டனில் அறுவரை வீழ்த்தியதும் எதிர்ப்பொருள் வகை மருந்தே என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. இந்தியாவும் 2023 மார்ச்சில் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, ஆர்கனாய்டு போன்ற முறைகளுக்கு இடமளித்துள்ளது.

குறைகளும் உண்டு

புதுமையைக் கண்டு மயங்கிவிடலாகாது. கிண்ணத்தில் இருப்பது குடலின் ஒரு துண்டு, மனிதன் அல்லன். அதில் இதயம் செலுத்தும் இரத்த ஓட்டம் இல்லை. நரம்பின் கட்டளை இல்லை. மாதந்தோறும் ஏறி இறங்கும் பெண்மைச் சுரப்புகள் இல்லை. பெண்களையே அதிகம் வாட்டும் நோய்களை ஆராய்கையில் இது சிறு குறையன்று. உள்ளே வாழும் வெள்ளணுக்களும் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. தோல் செல்லை இளமையாக்கி வளர்த்த திசு பெரும்பாலும் சிசுவின் திசுவைப்போல் முதிர்ச்சியின்றியே இருக்கும். ஓர் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது மற்றோர் ஆய்வுக்கூடத்தில் அவ்வாறே வளரும் என்ற உறுதியும் இல்லை. இன்னொரு வேடிக்கை: ஆர்கனாய்டுகளைப் பதித்து வளர்க்கப் பரவலாகப் பயன்படும் கூழ், எலியின் புற்றுக்கட்டியிலிருந்தே எடுக்கப்படுகிறது. எலியை விட்டு விலகும் பயணத்திலும் எலியின் தோளில் கைபோட்டே நடக்க வேண்டியிருக்கிறது. எனவே எலியும், கிண்ணமும், இறுதியில் முறைப்படி நடக்கும் மனிதச் சோதனையும் ஒன்றையொன்று சரிபார்க்கும் மூன்று சாட்சிகளாகவே இருக்க வேண்டும்.

அமானிதம்

இவ்வாராய்ச்சி முழுவதும் ஒரே அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அது நோயாளி தரும் திசு. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் செல்கள், அவரைக் கேளாமலேயே எடுக்கப்பட்டன. அவை உலகெங்கும் பரவின. எத்தனையோ கண்டுபிடிப்புகளுக்கும் வருவாய்க்கும் அவை வழிவகுத்தன. அவருடைய ஐந்து பிள்ளைகளும் தாயை இழந்து வளர்ந்தனர்; நெடுங்காலம் இச்செய்தியே அறியாதிருந்தனர். அச்செல்களால் ஆதாயம் பெற்ற ஒரு நிறுவனத்தோடு அவர் குடும்பத்தினர் 2023இல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். உடலின் துணுக்கு எவ்வளவு சிறியதாயினும் அது ஒருவர் நம்பி ஒப்படைத்த அமானிதம். எதற்காக, எவ்வளவு காலத்திற்கு, எவருக்கு என்று எடுத்துச்சொல்லி இசைவு பெறுவது ஆய்வாளரின் கடமை. கேட்டுத் தெரிந்துகொண்டு கையொப்பமிடுவது நம் உரிமை. மனமுவந்து தருவது பின்னால் வரும் நோயாளிகளுக்கு நாம் செய்யும் உதவி.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. 'ஸ்டெம் செல் சிகிச்சையால் முடக்குவாதம் பறந்துபோகும்' என்னும் விளம்பரங்கள் கடன் வாங்கியாவது பணம் கட்டத் தூண்டுகின்றன. மேலே கண்டவை நோயை ஆராயும் கருவிகள். விற்பனைக்கு வந்த மருந்துகள் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், சில இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்டவை தவிர, பிறவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வின் பகுதியாகவே பயன்படுத்த வேண்டும் என்கின்றன. ஆய்வில் சேர்ப்பவர் நோயாளியிடம் கட்டணம் கேட்டால், அங்கேயே ஐயம் எழ வேண்டும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு குறிப்பு. பிள்ளைக்குத் தீராத வயிற்றுப்போக்கோ, மருந்துக்கு அடங்காத இரத்தசோகையோ இருந்தால், நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பின் இரத்தச் சோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். முதலில் சோதனை, பிறகு கட்டுப்பாடு. சீலியாக் என்று உறுதியானால், பரோட்டாவும் ரொட்டியும் மட்டுமல்ல, சேமியா, ரவை, பிஸ்கட் ஆகியவையும் விலக்கப்பட வேண்டியவை. கடையில் விற்கும் பெருங்காயத் தூளிலும் பல வேளைகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். நம் அரிசிக் கஞ்சியும் இடியாப்பமும் அத்தகைய பிள்ளைக்கு அச்சமின்றித் தரக்கூடியவை.

காவற்படையைப் பகைத்துக்கொண்டு வாழ முடியாது. அதை நிராயுதபாணியாக்கியும் நெடுநாள் வாழ முடியாது. அது எங்கே வழிதவறியது என்று அறிந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் திருத்துவதே நல்வழி. அதற்கான சாட்சியைச் சோதனைக்கூடத்தின் ஒரு சிறு கிண்ணம் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறது. அதுவரை, நம் வீட்டில் 'உடம்பெல்லாம் வலிக்கிறது' என்று சொல்லும் பெண்ணின் சொல்லை நம்பி, நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம்மால் இன்றே செய்யக்கூடிய காரியம்.